பதினெட்டு மாடுகள்

என் தங்கை செனாங்கட்டுக்குப் பதின்மூன்று வயது.
பதினெட்டு மாடு என்று பேசி முடித்திருந்தார் அப்பா,
முப்பது ஆடும் ஓர் ஒட்டகமும் வேறு.
மாட்டில் பதினைந்து எனக்கு.
ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்:
சூக் மலைப்பக்கம் ஒருத்தியைப் பார்த்திருந்தார்கள்,
அவள் அப்பன் கேட்டதும் அதே பதினைந்து.
இவள் இந்தப் பட்டியை விட்டுப் போனால்தான்
அவள் இந்தப் பட்டிக்குள் வருவாள்.

நிறம்கூடத் தெரியும் எனக்கு.
இரண்டு செவலை,
நெற்றியில் வெள்ளை விழுந்த கறவை ஒன்று,
கொம்பு உள்வளைந்த கிடேரி...
இரவில் மல்லாந்து படுத்து எண்ணுவேன்.
ஒருநாளும் கணக்குத் தப்பியதில்லை.

டிசம்பரில் பள்ளிக்கூடம் மூடுவார்கள்.
கச்செலிபா கடைத்தெருவில் அந்த மாதம்
பிளேடு கூடுதலாக விற்கும்.
கடைக்காரன் எதற்கு என்று கேட்பதில்லை.
அறுத்த பிறகு கல்யாணம்.
அறுபட்டவள் வாய் திறக்கக் கூடாது,
கத்தியின் கீழும், அதற்கப்புறமும்.

செபுராய் திறந்தாள்.
சந்தையில் தக்காளி விற்பவள்.
மூன்று நாள் பிரசவ வலியில் கிடந்து
பிறந்ததைத் துணியில் சுற்றிப் புதைத்தவள்.
ஆண்கள் குடிக்கக் கூடும் வேலமரத்தடிக்கு
நேரே நடந்துபோய்
ஏன் அந்தத் தழும்பு விரியவில்லை என்று சொன்னாள்.
முதல் வருடம் சாணி எறிந்தார்கள்.
அடுத்த வருடம் அவளோடு ஏழு பெண்கள்.
அதில் ஒருத்தி
சாணி எறிந்தவனின் மனைவி.

என் பைக்கை மறித்து அவள் கேட்டாள்:
"மலைமேல் கன்னியாஸ்திரிகள் பள்ளிவரைக்கும்
பெட்ரோலுக்கு எவ்வளவு?"
"நானூறு."
முந்தி முடிச்சை அவிழ்த்து எண்ணினாள்.
முந்நூற்று அறுபது இருந்தது,
தக்காளிச் சாறு காய்ந்த நோட்டும் சில்லறையுமாய்.
"நாற்பது கடன்."
"யாரை ஏற்ற?"
"உன் தங்கையை."

நிலவில்லாத இரவு.
ஜியாமெட்ரி பெட்டி ஒன்றுதான் அவள் மூட்டை,
பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம்
என் முதுகில் கலகலத்தது.
பாதி வழியில் கேட்டாள்:
"அப்போ உன் கல்யாணம்?"
நான் கியரை மாற்றினேன்.
ஏற்றத்தின் ஒவ்வொரு வளைவிலும்
ஒரு மாடு இறங்கி இருட்டுக்குள் போனது.
வெள்ளை நெற்றிக் கறவை மட்டும்
விளக்கு வெளிச்சத்தில்
கடைசிவரைக்கும் முன்னே ஓடியது.

திரும்பி வந்தபோது விடிந்திருந்தது.
மாப்பிள்ளை வீட்டு மாடுகள் புழுதியோடு வந்துகொண்டிருந்தன.
பட்டி வாசலில் செபுராயும் அந்த ஏழு பேரும்
இடுப்பிலிருந்து லெக்கெட்யோவை அவிழ்த்தார்கள்.
பிள்ளை சுமக்கும் மாதங்களில் கட்டும் தோல் பட்டை,
சோழி தைத்தது.
சண்டையின் நடுவே எறிந்தால்
ஈட்டிகூட நின்றுவிடும் எங்கள் ஊரில்.
எட்டையும் வரிசையாக மண்ணில் கிடத்தினார்கள்.
அப்பா கோலை ஓங்கினார்,
காலை எடுத்து வைக்கவில்லை.

ஓரத்தில் இடைவெளி இருந்தது,
ஒரு மாடு நுழையும் அளவு.

அம்மா குடிசையிலிருந்து வந்தாள்.
என் அக்காமார் இருவருக்கும்
காலைப் பிடித்துக்கொண்டவள் அவள்.
யாரையும் பார்க்கவில்லை.
தன்னுடையதை அவிழ்த்து அந்த இடைவெளியில் வைத்தாள்.
அந்தப் பட்டைக்குள்தான்
ஒரு காலத்தில் நானும் இருந்தேன்.

மாடுகள் நண்பகல்வரை நின்று கத்தின.
பிறகு தாகம் தாங்காமல்
சுவாம் ஆற்றுப் பக்கம் தாமாகவே திரும்பின.

அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை.
சூக் பெண்ணை ஏப்ரலில்
இருபது மாட்டுக்காரன் கட்டிப்போனான்.
அந்த டிசம்பரில் அறுக்கக் குறித்திருந்தது ஆறு பேரை.
இரண்டு பேரைத்தான் கொண்டுபோக முடிந்தது.

மற்ற நால்வரில் ஒருத்தி
போன வாரம் சந்தைக்கு வந்தாள், முதுகில் குழந்தையோடு.
தக்காளியை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தபடி
நிமிராமல் கேட்டாள்:
"எங்கள் பட்டிக்கு வழி தெரியாதா
உன் வண்டிக்கு?"

தெரியும்.